மாண்புமிகு டூர்

ஆலங்குடிப் பக்கம் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து கன்னியாகுமரிக்கு டூர் போவதென்று தீர்மானித்தால், அந்தத் தீர்மானம் வேனில் ஏறுவதற்குள் மூன்று பொங்கல் போய்விடும். முதல் பொங்கலுக்கு ஆசை வரும். அடுத்த பொங்கலுக்கு டூர் சீட்டு தொடங்கும். மாதம் இருநூறு ரூபாய். பிடிப்பவர் ஊரில் கை சுத்தம் என்று பேரெடுத்தவர். மூன்றாவது பொங்கல் நெருங்கும்போது சண்டை வரும். "கன்னியாகுமரில என்னண்ணே இருக்கு, ராமேஸ்வரம் போவோம், அப்பாவுக்குத் திதி கொடுத்த மாதிரியும் ஆச்சு" என்பார் ஒருவர். "டூருக்கு வாய்யான்னா கருமாதிக்குக் கூப்புடுற" என்பார் அடுத்தவர். வேளாங்கண்ணிக் கட்சி ஒன்று தனியாக முறுக்கிக்கொண்டு நிற்கும். முன்சீட்டு யாருக்கு என்று ஒரு பஞ்சாயத்து. வாந்தி எடுக்கிற அத்தை ஜன்னலோரமா, நடுவிலா என்று இன்னொன்று. "அவன் வந்தா நான் வரல" என்று மச்சினனைக் காட்டி மல்லுக்கு நின்றவர், கிளம்புகிற அன்று அதே மச்சினன் தோளில் சாய்ந்து தூங்கியபடிதான் மதுரையைத் தாண்டுவார்.

இந்த லட்சணத்தில் டூர் போகிற நாம் பார்த்து வெட்கப்பட வேண்டிய சுற்றுலா ஒன்று தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. ஏறத்தாழ 120 பேர். சீட்டுக் கட்டவில்லை, தேதி ஒத்துவரவில்லை என்று யாரும் இழுக்கவில்லை, "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்ற பேச்சே எழவில்லை. காலையில் கட்சி அலுவலகத்தில் கூட்டம். கூட்டம் முடிந்ததும் வாசலில் பேருந்துகள். ஏறினார்கள். கடலோர விடுதியில் போய் இறங்கினார்கள். பத்து நாள் தங்கினார்கள். 2017 பிப்ரவரி 8 அன்று கூவத்தூருக்குக் கிளம்பிய அந்தப் பயணத்தைத் தமிழகச் சுற்றுலாத் துறை பாடப்புத்தகமாகவே அச்சிட்டிருக்கலாம்.

நினைவு மங்கியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா இறந்தார். 2017 பிப்ரவரி 5 அன்று சசிகலா அ.தி.மு.க. சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதலமைச்சராக இருந்த ஓ. பன்னீர்செல்வம் பதவி விலகல் கடிதம் கொடுத்துவிட்டு, 7ஆம் தேதி இரவு மெரினா நினைவிடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தார். எழுந்தபோது எதிர்க்கட்சி ஆகியிருந்தார். மறுநாளே மிச்சமிருந்த சட்டமன்ற உறுப்பினர்கள் வேறொரு கடற்கரைக்கு ஏற்றப்பட்டார்கள். அந்த வாரம் தமிழ்நாட்டின் அரசியல் முழுவதும் காற்று வாங்குகிற இடங்களில்தான் நடந்தது. கோட்டையில் யாரும் இல்லை.

கூட்டமாகப் போகிறவர்களுக்கு முதல் தொல்லை தலை எண்ணுவது. டீ குடிக்க நிறுத்தின ஒவ்வொரு இடத்திலும் டிரைவர் திரும்பிப் பார்த்து எண்ணுவார். ஒருத்தர் குறைந்தால் கிளீனர் பையன் கழிப்பறைப் பக்கம் போய்க் கூவுவான். கூவத்தூரிலும் அதே வேலைதான் நடந்தது, கொஞ்சம் பெரிய அளவில். ஓர் இடம் காலியாகி 233 பேர் இருந்த அவையில் 117 என்பது ஆட்சியின் உயிர்நிலை. அந்த எண்ணுக்கு மேலே எத்தனை தலை என்பதுதான் அந்த விடுதியில் காலைப் பலகாரத்துக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே நடந்த ஒரே சட்டமன்றப் பணி. நம் வேனில் எண்ணப்படுகிறவருக்குப் பெயர் உண்டு, கோபம் உண்டு, இறங்கிக்கொள்ளும் உரிமையும் உண்டு. "நிறுத்துய்யா வண்டிய, நான் பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்குப் போறேன்" என்று திருமயம் விலக்கில் இறங்கிப்போன பெரியப்பாக்களை நாம் பார்த்திருக்கிறோம். லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வரிசையில் நின்று வாக்களித்து அனுப்பிவைத்த ஆளுக்கு அந்தப் பெரியப்பாவின் சுதந்திரம்கூட இருந்ததா என்று நாடே கேட்டது.

நாடு மட்டுமா கேட்டது? உயர் நீதிமன்றமும் கேட்டது. நம் டூரில் ஆள் காணாமல் போனால் கோயில் மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இங்கே சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். கடத்தப்பட்ட குழந்தைக்கும், கொத்தடிமைத் தொழிலாளிக்கும், காவல் நிலையத்தில் அடைபட்ட அப்பாவிக்கும் என்று வைத்திருக்கிற சட்டத்தின் கடைசிக் கதவு அது. அதைச் சட்டமன்ற உறுப்பினருக்காகத் தட்டினார்கள். வருவாய்த் துறையினரும் காவல் துறையினரும் விடுதிக்குள் போய் உறுப்பினர்களிடம் எழுதி வாங்கி வந்தார்கள். சொந்த விருப்பத்தில்தான் தங்கியிருக்கிறோம் என்றார்கள் அவர்கள். நம்பத்தான் வேண்டும். வாசலில் ஆள் காவல், சாலையில் தடுப்பு, செய்தியாளருக்கு அனுமதி இல்லை, தொகுதிக்காரன் போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. இத்தனை வசதியோடும் ஒருவர் தன் விருப்பத்தில் தங்கியிருப்பது பெரிய காரியம். மதுரை தெற்கு உறுப்பினர் ஒருவருக்கு மட்டும் அந்த விருப்பம் நடுவில் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. டி-சர்ட்டும் அரைக்கால் சட்டையுமாக மாறுவேடத்தில் வெளியேறிப் பன்னீர்செல்வம் பக்கம் வந்து சேர்ந்தார் என்று செய்தி வந்தது. சொந்த விருப்பத்தில் தங்கின இடத்திலிருந்து மாறுவேடத்தில் வெளியே வர வேண்டிய நிலைமை உலகில் வேறு எந்தச் சுற்றுலாத் தலத்திலும் கேள்விப்பட்டதில்லை.

சாப்பாடு, நீச்சல் குளம், அறைச் சோபை பற்றியெல்லாம் அப்போது பக்கம் பக்கமாக எழுதினார்கள். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. மீன் வறுவல் சாப்பிட்டால் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். என் கவலையெல்லாம் கணக்கு.

நம் டூர் முடிந்து ஊர் திரும்பியதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சீட்டுப் பிடித்தவர் திண்ணையில் உட்கார்ந்து கணக்கு வாசிப்பார். வேன் வாடகை, டீசல், டிரைவர் பேட்டா, திருச்செந்தூரில் பார்க்கிங், செருப்புப் பார்த்துக்கொண்ட பாட்டிக்கு இருபது, நடுவழியில் குழந்தைக்கு வாங்கின ஓமத் திரவம். எல்லாம் நோட்டில் இருக்கும். மீதம் முப்பது ரூபாய் வந்தால் ஆளுக்கு இரண்டு ரூபாய் பிரித்துக் கொடுத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அந்த விடுதியில் ஓர் அறைக்கு ஒரு நாள் வாடகை ஐயாயிரத்தைத் தாண்டும் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. 120 பேர், பத்து நாள், பேருந்து, காவலுக்கு ஆட்கள், அவர்களுக்குச் சாப்பாடு. இந்தப் பணத்தை யார் கொடுத்தார்கள்? எந்த நோட்டில் எழுதினார்கள்? எந்தத் திண்ணையில் வாசித்தார்கள்? ஐந்தரைக் கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்கள் உள்ள மாநிலத்தில் ஒருவர் கையிலும் ரசீது இல்லை. இருநூறு ரூபாய் சீட்டுக்கு நோட்டுப் போடுகிற ஜனங்களுக்கு, ஓர் ஆட்சியையே வைத்து நடத்தின டூருக்குக் கணக்கு கேட்கத் தோன்றவில்லை. கேலிப் படம் போட்டோம், பாட்டுக் கட்டினோம், சிரித்தோம், வாட்ஸ்அப்பில் பகிர்ந்தோம். பத்து நாளும் நமக்கும் நல்ல பொழுதுபோக்கு.

நடு டூரில் சீட்டுப் பிடித்தவர் ஜெயிலுக்குப் போனால் வேன் பாதி வழியில் திரும்பிவிடும். கூவத்தூர் வேன் திரும்பவில்லை. பிப்ரவரி 14 காலை, சொத்துக் குவிப்பு வழக்கில் சசிகலா குற்றவாளி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அன்றைக்கே அதே விடுதியில் எடப்பாடி பழனிசாமி புதிய தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நான்கு ஆண்டு தமிழ்நாட்டை ஆளப்போகிறவரை நாம் எந்த ஊர் வாக்குச்சாவடியில் தேர்ந்தெடுத்தோம் என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் தயங்காமல் சொல்லலாம். செங்கல்பட்டுப் பக்கம், பாலாற்று முகத்துவாரத்துக்கு அருகே, கடல் பார்த்த அறைகள் கொண்ட விடுதி.

இனி அதே வாரத்தில் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்தது.

2017 பிப்ரவரி 15. அன்று சசிகலா பெங்களூருச் சிறைக்குக் கிளம்பும் வழியில் ஜெயலலிதா நினைவிடத்தில் நின்று மூன்று முறை கையால் அறைந்து சபதம் செய்தார். எல்லாத் தொலைக்காட்சியும் அதைத் திரும்பத் திரும்பக் காட்டியது. அதே நாள் தில்லியில் பொருளாதார விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழு கூடி, நாட்டில் 31 இடங்களில் ஹைட்ரோகார்பன் எடுக்க ஒப்புதல் கொடுத்தது. அதில் ஒன்று ஆலங்குடி வட்டம் நெடுவாசல். பலாவும் தென்னையும் மல்லிகையும் வாழையும் நெல்லும் விளைகிற பூமி. மேட்டூர்த் தண்ணீரை நம்பியது கிடையாது. ஆயிரம் அடிக்குக் கீழே ஆழ்துளைக் கிணறு இறக்கி, வாங்கிய கடனைப் பூ விற்றும் பலா விற்றும் கட்டுகிற குடும்பங்கள். அந்த வருஷம் வேறு, வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து, மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று ஜனவரி 10 அன்றுதான் அரசே அறிவித்திருந்தது. காய்ந்து கிடந்த மண்ணைத் தோண்டி எரிவாயு எடுக்கலாம் என்று தில்லி சொன்ன அன்று, தமிழ்நாட்டில் 'வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் படைத்த நாற்காலியில் உட்காரப்போகிறவர் கடற்கரையில் இருந்தார். அவரைத் தாங்குகிற 120 பேரும் கடற்கரையில் இருந்தார்கள்.

பிப்ரவரி 16. மாலையில் ராஜ்பவனில் பதவியேற்பு. அதே தேதியில் நெடுவாசலில் ஜனங்கள் போராட்டத்துக்கு உட்கார்ந்தார்கள்.

அன்றைக்கு நெடுவாசல் விவசாயி ஒருவர் ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவரைப் பார்த்து மனுக் கொடுக்க ஆசைப்பட்டிருந்தால் என்ன செய்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பஸ் பிடித்துக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூவத்தூர் வரை போய், தடுப்புக்குப் பக்கத்தில் செய்தியாளர்களோடு வெயிலில் நின்று, உள்ளேயிருந்து யாராவது சொந்த விருப்பத்தில் மாறுவேடம் போட்டு வெளியே வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். மனுவைக் காற்றாடியாக மடித்து மதில் மேல் விட்டிருக்கலாம். கடற்காற்று நல்ல வீச்சில் இருந்திருக்கும்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆறு தொகுதிகளில் விராலிமலை, கந்தர்வக்கோட்டை, அறந்தாங்கி மூன்றும் 2016இல் அ.தி.மு.க.வுக்குப் போனவை. மற்ற மூன்றும் தி.மு.க.வுடையவை. நெடுவாசல் இருக்கிற ஆலங்குடியும் அந்த மூன்றில் ஒன்று. பிப்ரவரி 18 சனிக்கிழமை நம்பிக்கை வாக்கெடுப்பு. விடுதியிலிருந்து உறுப்பினர்கள் நேரே கோட்டைக்கு வந்தார்கள். அவையில் மைக்குகள் பிய்ந்தன, நாற்காலிகள் உடைந்தன, தி.மு.க. உறுப்பினர்கள் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். கதவைச் சாத்திவிட்டு எண்ணினார்கள்: ஆதரவு 122, எதிர்ப்பு 11. நம் மாவட்டக் கணக்கை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், மூவர் 122இல் இருந்தார்கள், மீதி மூன்று தொகுதிக்கு அவையில் அன்று ஆளே இல்லை. நெடுவாசலில் பந்தல் போட்டு மூன்றாம் நாள் அது. தண்ணீரைப் பற்றி, மண்ணைப் பற்றி, எரிவாயுவைப் பற்றி ஒரு வார்த்தை அந்த அவையில் பேசுவதற்கு ஒரு வாயும் மிச்சமில்லை. தலைக்கணக்கு மட்டும் துல்லியமாக இருந்தது.

தி.மு.க.காரர்கள் இதைப் படித்துவிட்டு மீசையை முறுக்க வேண்டாம். காவிரிப் படுகையில் மீத்தேன் தேட 2011 ஜனவரியில் தனியார் நிறுவனத்துக்குக் கதவைத் திறந்துவிட்டபோது ஆட்சியில் இருந்தது யார் என்று கேட்டால், அவர்களும் கொஞ்ச நாள் கடற்காற்று வாங்கப் போக வேண்டியிருக்கும்.

நெடுவாசல்காரர்கள் முதல் தவணையில் 22 நாள் உட்கார்ந்தார்கள். அனுமதிக்க மாட்டோம் என்று மேலேயிருந்து வாக்குறுதிகள் வந்தன. மார்ச் 9 அன்று எழுந்தார்கள். மார்ச் 27 அன்று தில்லியில் நிறுவனங்களோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏப்ரல் 12 அன்று மறுபடி உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை 174 நாள். அவர்களுக்கு ஏசி அறை கிடையாது, நீச்சல் குளம் கிடையாது, தலைக்கு மேலே கீற்று. வேலையைப் போட்டுவிட்டு வந்த பெண்கள், மடியில் பிள்ளைகள், பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்து உட்கார்ந்த பசங்கள். இங்கேயும் சோறு பொதுவாகத்தான் பொங்கினார்கள். அரிசியும் காயும் ஊர் ஊராக வந்தது. வந்ததற்கும் செலவானதற்கும் கணக்கு இருந்தது. கூட்டமாக ஓரிடத்தில் தங்குவது என்றால் எப்படி என்று கூவத்தூர் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய இடம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, பலாமரத்து நிழலில் இருந்தது.

அந்த 174 நாளுக்கு நடுவே வேறொன்றும் நடந்தது. தமிழக விவசாயிகள் தில்லி ஜந்தர் மந்தரில் மண்டையோடுகளோடு உட்கார்ந்திருந்த வருஷம் அது. மார்ச்சில் தொடங்கி, ஏப்ரலில் எழுந்து, ஜூலை 16 அன்று மறுபடி போய் உட்கார்ந்தார்கள். மூன்று நாள் கழித்து, ஜூலை 19 அன்று, சட்டமன்ற உறுப்பினர்களின் மாதச் சம்பளம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று முதலமைச்சர் அவையில் அறிவித்தார். ஜூலை 1 முதலே கணக்கு. அதற்கான மசோதா 2018 ஜனவரியில் அவைக்கு வந்தபோது போக்குவரத்துத் தொழிலாளர்கள் நிலுவைக்கும் ஊதியத்துக்கும் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். பொங்கலுக்கு ஊர் போகிற ஜனம் பஸ் இல்லாமல் கோயம்பேட்டில் மூட்டையோடு நின்றது. தங்களை ஏற்றிப்போன பேருந்துகள் மட்டும் நேரத்துக்கு வந்தன என்பது உறுப்பினர்களுக்கு நினைவிருந்திருக்கும்.

இதெல்லாம் தமிழ்நாட்டுச் சரக்கு மட்டும் என்று யாரும் பெருமைப்பட வேண்டாம். 1985இல் 52ஆவது திருத்தத்தின் மூலம் பத்தாவது அட்டவணையைச் சேர்த்து, கட்சி தாவினால் பதவி போகும் என்று எழுதி வைத்தார்கள். தனி ஆளாகத் தாவுவது கஷ்டமானதும், கும்பலாகத் தாவுவதும், தாவாமல் கும்பலாகப் பூட்டி வைப்பதும் தொழிலாகிவிட்டன. 1995இல் குஜராத்தில் சங்கர்சிங் வகேலா தன் ஆட்களை விமானத்தில் ஏற்றிக் கஜுராஹோவுக்குக் கொண்டுபோனார். சிற்பம் பார்க்க. கூவத்தூர் முடிந்து ஆறு மாதத்தில், 2017 ஜூலைக் கடைசியில், குஜராத் காங்கிரஸ் உறுப்பினர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் பெங்களூருவுக்குப் பக்கத்து விடுதியொன்றில் பத்திரப்படுத்தப்பட்டார்கள். அப்போது அவர்களின் பனாஸ்காண்டா மாவட்டம் வெள்ளத்தில் கிடந்தது. 2022 ஜூனில் மகாராஷ்டிர சிவசேனை உறுப்பினர்கள் ஏக்நாத் ஷிண்டேயோடு சூரத் வழியாகக் குவாஹாட்டி போய் நட்சத்திர விடுதியில் இறங்கினார்கள். அசாமில் வெள்ளம் லட்சக்கணக்கானவர்களை வீட்டை விட்டு விரட்டியிருந்த நேரம். அவர்களில் ஒருவர் அந்த ஊர் மரத்தையும் மலையையும் விடுதியையும் மெச்சித் தொலைபேசியில் பேசினது மகாராஷ்டிரமெங்கும் பாட்டாகவே ஓடியது. தண்ணீரை மெச்சினதாகத் தெரியவில்லை. பிறகு கோவா போய்க் கடலும் பார்த்துவிட்டுத்தான் ஆட்சியைப் பிடித்தார்கள். வறட்சியோ வெள்ளமோ, ஊரில் தண்ணீர் தப்பிப்போனால் மக்கள் பிரதிநிதிகளுக்கு விடுதி ஞாபகம் வந்துவிடுகிறது.

கடலோர டூர் எல்லாமே லாபத்தில் முடியும் என்றும் சொல்ல முடியாது. 2017 ஆகஸ்டில் சசிகலா குடும்பத்து டி.டி.வி. தினகரன் பக்கம் போன அ.தி.மு.க. உறுப்பினர்கள், பழனிசாமிக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்துவிட்டுப் புதுச்சேரிக் கடற்கரை விடுதிக்குப் போனார்கள். அங்கிருந்து குடகு மலை. கடலும் பார்த்தாயிற்று, மலையும் பார்த்தாயிற்று. செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் 18 பேரைத் தகுதிநீக்கம் செய்தார். அந்தப் பதினெட்டுத் தொகுதிகளுக்கும் 2019 மே வரை உறுப்பினரே கிடையாது. கடல் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான். முதல் டூருக்கு அமைச்சரவை கிடைத்தது, இரண்டாவது டூருக்கு வேலை போனது. வித்தியாசம் தலை எண்ணிக்கையில்.

சரி, போகட்டும். கடற்கரை வேண்டும் என்று இவ்வளவு ஆசைப்படுகிறவர்கள், கடற்கரை வைத்திருக்கிற எங்களை ஏன் மறந்தார்கள் என்பதுதான் புதுக்கோட்டைக்காரனாக என் மனத்தாங்கல். அறந்தாங்கித் தொகுதியே கடலோரத் தொகுதி. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று வரிசையாக ஊர்கள். முத்துக்குடாவில் அலையாத்திக் காடு. பாக் நீரிணை, அலை அதிகம் கிடையாது, ஆட்சி மாதிரிக் கவிழ்ந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். கூவத்தூருக்குப் போகிற அதே கிழக்குக் கடற்கரைச் சாலைதான் இந்த ஊர்கள் வழியாகவும் போகிறது. கொஞ்சம் தெற்கே வண்டியை விட்டிருந்தால் போதும்.

அப்படி வந்திருந்தால் இன்னொரு வகைக் கூட்டுப் பயணத்தையும் பார்த்திருக்கலாம். எங்கள் ஊர் விசைப்படகுகள் கூட்டமாகத்தான் கடலுக்குப் போகின்றன. எல்லை தாண்டினால் இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போகும். பிறகு யாழ்ப்பாணச் சிறையில் தங்கல். அதற்கு அறை வாடகை இல்லை, ஆனால் படகு போய்விடும். 2018இல் இலங்கை சட்டத்தைத் திருத்தி அபராதத்தைக் கோடிகளுக்கு ஏற்றிவிட்டது. பிடிபட்ட படகுகள் மயிலிட்டியில் கிடந்து மக்குகின்றன. அந்தக் கரையின் தமிழ் மீனவர்கள், எங்கள் இழுவை மடி அவர்கள் கடலின் அடியையே வழித்தெடுக்கிறது என்கிறார்கள், அதுவும் பொய்யில்லை. இரண்டு கரைக்கும் நடுவே உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குப் பேச நேரம் கிடைப்பது விடுதியில் இருக்கும்போது மட்டும்தான். 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன படகு ஒன்று இலங்கைக் கடற்படைக் கலத்தோடு மோதி மூழ்கியது. கடற்படைதான் மோதியது என்றார்கள் மீனவர்கள், படகுதான் மோதியது என்றது கடற்படை. போன நாலு பேரும் பிணமாக வந்தார்கள். அவர்களுக்காக எந்த நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுவது?

2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. புதுக்கோட்டையில் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்கள் அதில் சேர்ந்தன. நடந்துகொண்டிருந்த எண்ணெய், எரிவாயுப் பணிகளுக்கு மட்டும் விலக்கு. நல்ல சட்டம்தான். அதைப் போட வைத்தது கூவத்தூர் அறைகளில் தூங்கினவர்களின் மனசாட்சி என்று யாராவது மேடையில் பேசினால், நெடுவாசல் பெண்கள் இருக்கிற பக்கம் வந்து பேசச் சொல்லுங்கள். 2021 ஜூனில், ஆட்சி மாறி ஒரு மாதம் ஆன கையோடு, நெடுவாசலுக்குப் பக்கத்துக் கருக்காக்குறிச்சி வடதெருவை ஏலப் பட்டியலில் சேர்த்து மறுபடி ஓர் அறிவிப்பு தில்லியிலிருந்து வந்தது. புது முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். தில்லிக்காரர்கள் எங்கள் பூமியை மறக்கவில்லை. எங்கள் ஆட்கள்தான் அடிக்கடி ஊரில் இருப்பதில்லை.

ஆகவே, அடுத்த தடவை ஆட்சி ஆடும்போது, எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, கட்சித் தலைமைகள் கோட்டைப்பட்டினத்தைப் பரிசீலிக்க வேண்டுகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் வந்தால் மிகவும் வசதி. விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும்; அறை பற்றாவிட்டால் படகிலேயே படுக்கலாம். 61 நாளும் வருமானம் இல்லாமல் வலை பின்னிக்கொண்டிருக்கிற ஜனம் காவலுக்குக் கிடைக்கும், சுவர் ஏறிக் குதிக்கிற உறுப்பினரைக் கரையிலேயே மடக்கிவிடுவார்கள், வலைக்கும் பஞ்சமில்லை. ஐஸ் உண்டு, மீன் உண்டு. செல்போன் சிக்னலைத் துண்டிக்கத் தனி ஏற்பாடு தேவைப்படாது. கொஞ்ச தூரம் கடலுக்குள் போனால் அதுவாகவே போய்விடும். இன்னும் கொஞ்ச தூரம் போனால் யாழ்ப்பாணம் வரை இலவசப் பயணமும் தங்குமிடமும் கிடைக்கும். சாப்பாட்டுச் செலவை மட்டும் முன்பணமாகக் கட்டிவிட வேண்டும். எங்கள் ஊர் சீட்டுக்காரர் ஒவ்வொரு டீயையும் நோட்டில் எழுதி, கடைசி நாள் கையெழுத்தும் முத்திரையுமாக ரசீது கொடுப்பார். அதை யார் பேரில் போட வேண்டும் என்று மட்டும் பேருந்தில் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடவும்.